மகள் பின்சீட்டில் தூங்கிய ஆறு வாரங்கள்

வளைகாப்பு முடிந்து மகளை எங்கள் ஊர் கீரமங்கலத்துக்கு அழைத்து வந்தது தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்க்கரை சற்றுக் கூடியிருந்ததால் வாராவாரம் வியாழக்கிழமை புதுக்கோட்டைக்குப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காரை நான்தான் ஓட்டினேன். அந்தக் காருக்கென்று ஒரு நோட்டு உண்டு. கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், ஓடிய தூரம், போட்ட பெட்ரோல் எல்லாம் அதில் இருக்கும். ஓரத்தில் பயணத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவேன்.

முதல் வாரம் எழுதியது: 'ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் அதிகம்.' இரண்டாவது வாரம்: 'மைலேஜ் குறைகிறது. மகளுக்குத் தலைவலி.' மூன்றாவது வாரம்: 'லாரியை முந்தும்போது வண்டி இழுக்கவில்லை. மகள் போகவர நல்ல தூக்கம்.'

என் கையெழுத்துதான். வண்டியின் கோளாறும் மகளின் தலைவலியும் ஒரே பக்கத்தில், ஒரே தேதிக்குக் கீழே இருக்கின்றன.

மாசமாக இருக்கும் பெண்ணுக்குத் தலைவலியும் தூக்கமும் இருக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தத்தைப் பற்றி மகள் கேலி செய்துகொண்டே வந்தாள்.

"அப்பா, வண்டி டிராக்டர் மாதிரி கத்துது. ஆஸ்பத்திரியில நெல்லு மூட்டை எறக்க வந்திருக்கோம்னு நெனச்சுக்கப் போறாங்க."

"பேசாமப் படு. நீ தூங்குனாத்தான் உள்ள இருக்கிற புள்ளையும் தூங்கும்" என்பாள் முன்சீட்டிலிருந்து என் மனைவி. பிறகு என்னிடம், "கண்ணாடிய நல்லா ஏத்துங்க. சுடுகாட்டத் தாண்டிப் போறோம். வயித்துப்புள்ளக்காரி மேல காத்து கருப்பு பட்டுறக் கூடாது."

கிளம்பும்போதே மகளின் கையில் வேப்பிலையும் ஒரு இரும்புத் துண்டும் கொடுத்திருப்பாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கண்ணாடியை ஏற்றினேன். ஏற்றினால்தான் ஏசி நன்றாகக் குளிரும் என்பது என் கணக்கு.

ஆறாவது வியாழன், மருத்துவமனை வாசலில் மகளை எழுப்ப முடியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள். உள்ளே போய் உட்கார்ந்து சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவு என்றார்கள். திரும்பும்போது மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆலங்குடியை நெருங்கும்போது மனைவி சொன்னாள்:

"நிப்பாட்டுங்க. எனக்கு மண்டையப் பொளக்குது. வாந்தி வருது."

ரோட்டோரம் நிறுத்தினேன். அவள் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இவள் மாசமாக இல்லையே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. நான்கு கதவுகளையும் திறந்து மகளை இழுத்து வெளியே உட்கார வைத்தேன்.

காற்றுப் பட்டு மகள் தெளிந்ததும் அவளை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் மனைவியும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஆலங்குடி மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் டார்ச் அடித்தார்.

"எத்தன நாளா சார் இப்படி ஓட்டுறீங்க?"

எஞ்சினை ஒட்டிய புகைக்குழாய் ஜாயிண்டில் வெடிப்பு. சத்தம் அங்கிருந்துதான். அந்த வழியாக வெளிக்காற்றும் உள்ளே புகுந்ததால், புகையை அளக்கும் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லியிருக்கிறது. எஞ்சினும் அதை நம்பித் தேவைக்கு மேல் குடித்திருக்கிறது. மைலேஜ் குறைந்ததும் இழுவை போனதும் அதனால்தான். பின்னால் சைலன்சர் துருப்பிடித்துக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் மேலே, வாழைத்தார் ஏற்றியதில் கிழிந்த டிக்கி ரப்பர்.

"பொகை இது வழியா ஏறிப் பின்சீட்டுக்குத்தான் சார் வரும். அதுல உள்ள வெசத்துக்கு வாடையே கெடையாது. கண்ணாடிய எறக்கி விட்டிருந்தாக்கூடக் கொஞ்சம் தப்பிச்சிருக்கும்."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் வாடகைக் காரில் மகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள். "துடிப்பு நல்லா இருக்குங்க. அதுக்கு மேல இப்பச் சொல்றதுக்கு இல்ல. பொறந்தப்புறம் வளர்ச்சியக் கவனிச்சுக்கிட்டே வாங்க" என்றார் டாக்டரம்மா. மகளிடம் சைலன்சர் ரிப்பேர் என்று மட்டும் சொன்னோம்.

பையன் பிறந்தான். முதல் அழுகை கேட்டுக் கதவுக்கு வெளியே எல்லோரும் சிரித்தார்கள். நான் அது போதுமான சத்தமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். குப்புற விழுந்த நாள், உட்கார்ந்த நாள், தவழ்ந்த நாள் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. தாத்தாவுக்குப் பேரன் மேல் எவ்வளவு பிரியம் என்று மருமகன் வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்களாம்.

இப்போது அவனுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். எதிர்வீட்டுக் குழந்தை இவனைவிடப் பத்து நாள் இளையது. அது தெருவில் ஓடுகிறது. போன வாரம் மகள் வந்திருந்தபோது, இவன் என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றான். ஒரு கையை விட்டான். நான் கண் எடுக்காமல் பார்த்தேன்.

"ஏம்ப்பா அவன இப்படி உத்து உத்துப் பாக்குறீங்க? நடக்குறப்ப நடப்பான். இவங்கப்பாவே ஒன்றரை வயசுலதான் நடந்தாராம், அத்தை சொன்னாங்க."

"சும்மாதாம்மா" என்றேன்.

அடுத்த கையையும் விட்டவன் பொத்தென்று உட்கார்ந்தான். "விழுந்துட்டீகளா ராசா?" என்று மகள் கைதட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், அவன் மறுபடி எழுவதற்காகக் காத்திருந்தோம்.