மச்சான் போட்ட வோட்டு

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். நான் தாய்மாமன். போகாமல் இருக்க முடியாது. டிக்கெட் எடுக்க முன்னமே, ஆஸ்திரேலியாவில், எங்கள் நோபல் பார்க் வீட்டில் மனைவி என் போனைக் கையில் எடுத்துவிட்டாள். அங்கே விமான நிலையத்தில் போனைத் திறந்து பார்க்கிறார்களாம். அந்த நாட்டு ஜனாதிபதியையும் அவருடைய குண்டு வீச்சுகளையும் திட்டி நான் ஊரெல்லாம் அனுப்பியது கொஞ்சமல்ல.

"எல்லாத்தையும் அழியுங்கோ," என்றாள்.

ஊரில் போர்க்காலத்தில் ஆமிச் சோதனைக்குப் பயந்து கடிதங்களையும் படங்களையும் கிணற்றடியில் எரித்த குடும்பம் நாங்கள். பழக்கம் போகவில்லை. குடும்பப் படங்கள்கூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டேன்.

மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, எம்ப்டி போனோட போனா இன்னும் சந்தேகப்படுவாங்கள்."

பிறகு தோட்டத்துக் கத்தரிக்காய்களைப் படமெடுத்துப் போனை நிரப்பினேன். இந்த வயதில் எனக்கு இந்த வேலை.

அடுத்த ஞாயிறு தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணை, கஷ்டமெண்டா வரவேண்டாம்."

அது அவளுடைய பேச்சில்லை. அவளுடைய புருஷன் அந்த ஜனாதிபதிக்கு வோட்டுப் போட்டவன். அகதியாகப் போய் இறங்கியவன், "சட்டப்படி வந்தவைக்கு என்ன பயம்?" என்று என்னிடமே கேட்டவன். அன்றிலிருந்து அவனை நான் நம்புவதில்லை.

"அவனிட்டைக் குடு," என்றேன்.

வந்தான்.

"நான் வந்தா உனக்கு என்ன?"

"ஒண்டுமில்லை மச்சான். உங்களை மறிச்சா, எங்க தங்கப் போறீங்களெண்டு கேப்பாங்கள். நீங்கள் எங்கட அட்ரஸைத்தானே குடுப்பீங்கள்."

"நீ சிட்டிசன்தானே?"

பின்னால் தங்கச்சி அவனிடம் சொல்வது கேட்டது. "இஞ்சேருங்கோ, பால் வாங்கப் போகேக்கை பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கோ."

"பால் வாங்கப் பாஸ்போர்ட்டோ? நீ வோட்டுப் போட்ட ஆளுக்குப் பயந்தோ?"

"மச்சான், போனிலை இதுகளைக் கதைக்காதேங்கோ," என்றான். குரல் இறங்கியிருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. தாலி கட்டும்போது தாய்மாமன் நிற்பான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்றே டிக்கெட்டை எடுத்தேன்.

இப்போது விமான நிலையத்துக்குத் தானே வருவதாகச் சொல்கிறான். என்னைக் கூட்டிப்போகவா, என்னை வெளியே விடுகிறார்களா என்று தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவா, தெரியவில்லை. வாடகைக் காருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.