ஒன்றும் கொடுக்காவிட்டால்

போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். படிப்பு ஆறாவது. என் மனைவி பன்னிரண்டாவது. அதே ஜீப்பில் வந்து காய் எடுப்பாள். முழங்கால் வீங்க ஆரம்பித்த பிறகு ஈரச் சரிவில் அவளால் நிற்க முடியவில்லை. டவுனில் ஓர் ஏலக்காய் ஆபீசில் ஆள் கேட்டார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் பாஸ் பண்ணிவிட்டு வா என்றார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள், அடுப்படியில் லேப்டாப்பை வைத்து, தான் எழுதிய புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் புரோகிராமின் பேர். கொஞ்சம் இடம் விட்டு, காய் எடுத்தவர் பேர். இன்னும் கொஞ்சம் விட்டு, கிலோ. இதை அடித்து என்டர் தட்டினால் இன்னார், இவ்வளவு கிலோ என்று வரும்.

பேரையும் கிலோவையும் புரோகிராமுக்கு உள்ளேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்டேன். அப்புறம் ஆளுக்கு ஆள் உள்ளே போய்த் திருத்த வேண்டும் என்றாள். உள்ளே 'ஆள்' என்று ஒரு கிளாஸ் இருக்கிறதாம். அச்சு மாதிரி. வெளியே இருந்து பேரும் எடையும் கொடுத்தால் அதை வைத்து ஓர் ஆளை உண்டாக்கும். அப்படிக் கொடுப்பதற்கு ஆர்கியுமென்ட் என்று பேராம்.

குழம்பைக் கிளற எழுந்தாள். ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன செய்யும்? எழுத்தைப் பார்த்துப் பார்த்து புரோகிராமின் பேரை மட்டும் அடித்துத் தட்டினேன். என்னென்னமோ இங்கிலீஷ் ஓடி நின்றுபோனது.

"என்னங்க செஞ்சீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. அதான் செஞ்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். கரண்டியோடு வந்து திரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வகுப்பு சார் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பார், புரோகிராம் இப்படி நின்றுபோனால் பெயில்தான் என்றாள்.

கொடுத்தது குறைந்தால் ஆளை உண்டாக்காமல் கேட்கச் சொல்லி இரண்டு வரி சேர்த்தாள். எப்படிக் கேட்பது என்பதில்தான் கை நின்றது.

"வெறுங்கையோட தராசுகிட்ட நின்னா கங்காணி என்ன சொல்லுவாரு?" என்றேன்.

"மொறைப்பாரு. அப்புறம் 'வெரசா கொண்டா'ம்பாரு."

சிரித்துக்கொண்டே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள்: பேரும் எடையும் கொண்டா.

மறுநாள் சார் ஒன்றும் கொடுக்காமல்தான் தட்டினாராம். என்னையே அதட்டுதே, யாரும்மா இது என்றாராம். எங்க கங்காணி, சார் என்றிருக்கிறாள். பாஸ்.

இப்போது டவுனில் அந்த ஆபீசுக்குச் சமதரையில் நடந்து வேலைக்குப் போகிறாள். ஜீப்பில் அவள் இடத்தில் வேறொருத்தி. போன வாரம் லேப்டாப்பு திறந்து கிடந்தது. என் மனைவியின் பேரை அடித்து, இப்போது காய் எடுப்பதில்லையே என்று கிலோவுக்குச் சைபர் போட்டேன். அதட்டும் என்று பார்த்தேன். அதட்டவில்லை. சைபரும் கொடுத்ததுதான் போல. அவள் பேர், சைபர் கிலோ என்று காட்டியது.