மெட்டிலும் மெடலும்

நேற்று என் மகன் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். கே.கே. நகர்ப் பள்ளியில் மரபுத்தொடர்களை மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிடுகிறார்கள். “ப்ரூவ் எ பாயிண்ட்னா, நான் சொன்னதுதான் சரின்னு காட்டுறது. ஆசிட் டெஸ்ட்னா, உண்மையான தரத்தக் காட்டிக் குடுக்குற சோதனை. ப்ரூவ் யுவர் மெட்டில்னா...” அந்த இடத்தில் எனக்குப் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அடித்தது.

படிப்பு முடித்து நானும் யூசுப்பும் பழங்காநத்தத்தில் ஒரே அறையில் தங்கி வேலை தேடிய காலம். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் முதல் சுற்று தேறிவிட்டேன். கிளம்பும்போது அதிகாரி, “கம் டுமாரோ அண்ட் ப்ரூவ் யுவர் மெட்டில்” என்றார். தலையை ஆட்டினேன். என் இங்கிலீஷ் முழுக்க அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது.

அறைக்கு வந்து யூசுப்பிடம் கேட்டேன். “மாப்ள, மெட்டில ப்ரூவ் பண்ணுன்றாருடா. என்னத்தச் சொல்றாரு?”

“மெடலச் சொல்றாருடா. பயோடேட்டால கபடின்னு எழுதியிருக்கேல்ல? சும்மா அடிச்சு விடுறியான்னு பாக்கணும்ல.”

எவ்வளவு நியாயமான பதில்! அன்றைக்கே எழுமலைக்கு பஸ் ஏறி, அம்மாவின் பீரோவில் பாச்சை உருண்டைகளோடு கிடந்த கபடி மெடலை எடுத்து வந்தேன்.

மறுநாள் அதை மேஜையில் வைத்ததும் ஏசி அறை முழுக்க அந்த வாசம். அதிகாரி முதலில் விழித்தார். புரிந்ததும் சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டார். மெடல் கைமாறிக்கொண்டே போனது. ஒருவர் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். “தம்பி, மெட்டில்னா திறமை” என்று ஒருவழியாகத் தமிழில் சொன்னார் அதிகாரி. அதன் பிறகு வைத்த டைப்பிங் டெஸ்ட்டில் வரிக்கு வரி தப்பு. வேலை போயிற்று.

“மன்னிச்சுக்க மாப்ள, எனக்கும் மெடல்னுதான் பட்டுச்சு” என்றான் யூசுப். அவன்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. சிரித்தவர்கள்மேல் இன்றும் இருக்கிறது. ஒரு வார்த்தை தெரியாததற்கு ஒருத்தனை அப்படியா வேடிக்கை பார்ப்பார்கள்?

அதற்கப்புறம் கபடி ஆடவில்லை. ஊரில் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பேன். அறையைக் காலி செய்தபோது மெடலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். பித்தளையோ என்று காந்தத்தை வைத்துப் பார்த்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. “இரும்புதாண்ணே. மேல கலர் பூசியிருக்கான்.”

நாங்கள் ஆடிய மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது.

“அப்பா, நீங்க மெடல் கிடல் ஏதும் வாங்கிருக்கீங்களா?” என்று கேட்டான் மகன்.

“இல்லடா” என்றேன். ஆமாம் என்றால், எடுத்துக் காட்டுங்கப்பா என்பான்.