கூடத்திலிருந்து பரணுக்கு

“நீ கொஞ்ச நாள் பரண்ல இரு கண்ணு, கூடத்துல இடமில்ல.” சொல்லிக்கொண்டே அக்கா ஒரு கார் பந்தய விளையாட்டைக் கணினியிலிருந்து வெளியே துரத்துகிறார். திரையில் பச்சைக் கோடு எறும்பு ஊர்வதுபோல நகர்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஜன்னல் திரை வழியே வடிந்து, அறை முழுக்கத் தேநீர் நிறம். கன்னத்தில் கை வைத்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதித் தூக்கம், பாதிக் காவல்.

அக்காவுக்கும் எனக்கும் பல்செட் செய்யும் லேபில் அடுத்தடுத்த மேசை. வாரம் முழுக்க ஊரார் கடைவாய்ப் பற்களைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர், ஞாயிறானால் விளையாட்டுகளை இடம் மாற்றுகிறார். கணினிக்குள் இருக்கும் வேகமான டிஸ்க் அவருக்குக் கூடம். ஒயர் போட்டு வெளியே மாட்டிய பெரிய டிஸ்க் பரண். சட்டைப்பையில் அடங்கும் சின்னது மாடிப்படி. அங்கே யாரும் நிரந்தரமாகத் தங்கக் கூடாது. பரணில் வைத்து ஆடினால் விளையாட்டு தள்ளாடும். ஆட நினைப்பதைக் கூடத்துக்கு இறக்க வேண்டும். அதற்கு அங்கிருப்பதில் ஒன்றைப் பரணுக்கு ஏற்ற வேண்டும். எதை ஏற்றுவது என்று யோசித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். “ஆடுறதை விட இதுதான் நல்லாருக்குடி. எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னு ஒரு நிம்மதி.”

அவர் கணவரை நான் மாமா என்பேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து ஜன்னலோர நாற்காலிதான் கதி. பேச்சும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டுக்குள் கடலோர ஊர் ஒன்றைக் கட்டினார்கள். பாலமும் கிரேனும் அவர் வேலை. தெருவிளக்கு நட்டதும், வீட்டுக்கு வீடு திரை போட்டதும் அக்கா. அவர் படுத்த பிறகு ஊர் பரணுக்குப் போனது. அவரும் கேட்கவில்லை, இவரும் திறக்கவில்லை.

இப்போதிருக்கும் பரண் புதிது. பழைய பரண் போன மாதம் சத்தம் போட ஆரம்பித்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா காதைச் சாய்த்தார். “தூக்கத்துல பல்லைக் கடிக்கிற மாதிரி இல்ல?” அவர் முகம் வெளுத்துவிட்டது.

“விளையாட்டைத் திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாமேக்கா.”

“விளையாட்டு வரும்டி. நாங்க கட்டின ஊர் வருமா? அது இதுல மட்டும்தான் இருக்கு.”

அதே டிஸ்கில் அக்காவின் பனிமலையும் இருந்தது. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வேறொரு விளையாட்டில் தனியாக ஏறத் தொடங்கிய மலை. உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை வந்திருந்தார். டிஸ்க் எந்த நேரமும் மூச்சை நிறுத்தலாம். எதை முதலில் எடுப்பது? அக்காவின் விரல் மலையின்மேல் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஊரை இழுத்துக் கூடத்தில் போட்டார். கோடு நகரும், நிற்கும், மறுபடி நகரும். ஊர் முழுசாக வந்து சேர்ந்தது. மலை பாதி வழியில் இருக்கும்போது பரண் கடக்கென்றது. அப்புறம் சத்தமே இல்லை.

“போச்சு” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எவ்வளவு நாள்தான் குளிர்லயே நிக்கிறது?” என்று சிரிக்கப் பார்த்தார்.

ஊரைத் திறந்தார். மூடுபனிக்குள் கிரேன்கள் கழுத்தை நீட்டி நின்றன. அலைச் சத்தம் கேட்டு மாமா தலையைத் திருப்பினார்.

“நம்ம… ஊரு.”

“ஆமாங்க. வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

“கை…”

அக்கா மாமாவின் நாற்காலியைத் திரைக்கு அருகே தள்ளிவந்து, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். விளையாடும் கைப்பிடியை இருவருக்கும் நடுவே வைத்து, அவருடைய இடது கட்டைவிரலைக் குதிக்கும் பொத்தானின்மேல் பதித்தார். நடப்பது இவர் பொறுப்பு, குதிப்பது அவர் இஷ்டம். திரையில் அவர்களுக்காக நடக்கும் சின்ன உருவம் காரணமில்லாத இடத்திலெல்லாம் துள்ளித் துள்ளிப் பாலம்வரை போனது. பாலத்தின் நடுவில் மாமா அவசரப்பட்டு அழுத்த, அது சுவரைத் தாண்டிக் கடலில் விழுந்தது.

அக்கா அவர் விரலை எடுக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்தே கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தார்.