தங்கச்சியின் சூலகமும் நீர்வேலி வாழையும்

தங்கச்சிக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளை மத்தியானத்துக்குள் ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டோம். ஸ்கானைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இடப்பக்கச் சூலகத்திலை ஒரு நீர்க்கட்டி. அந்தப் பாரத்திலை சூலகம் முறுகிப்போச்சு, ரத்தம் போகேல்லை. கெதியாச் செய்தால் காப்பாற்றலாம். படிச்ச பிள்ளைதானே, அப்பாவுக்கு விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கும்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான்தான். ஆனால் பெண்ணின் கருமுட்டைப் பையைக் குறிக்கும் சூலகம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது விஞ்ஞான வாத்தியார், "இதை வீட்டிலை வாசியுங்கோ" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். நானும் வாசித்தேன், கதவைப் பூட்டிக்கொண்டு.

நீர்வேலியில் வாழை செய்கிற அப்பா, விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கமாட்டார்.

"எதிலை கத்தி வைக்கப்போறாங்கள்?"

"உள்ளுக்கை ஒண்டிலை, அப்பா."

"உள்ளுக்கை எல்லாம்தான் கிடக்கு. எது?"

தங்கச்சி முனகினாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். "ஒரு வாழைக்குலை எண்டு வையுங்கோ. பாரம் கூடித் தண்டு முறுகினால் காய்க்குச் சாறு போகாதெல்லே?"

அப்பாவின் முகம் தெளிந்தது. "என்ன குலை? கதலியோ, இதரையோ?"

"எதெண்டால் என்னப்பா!"

"அதெப்பிடி? முட்டுக் குடுக்கிறதுக்குத் தெரியவேணும்."

கட்டிலில் இருந்து தங்கச்சி கத்தினாள். "அப்பா, அது சூலகம்! டொக்டர் எனக்கும் சொன்னவர். ரெண்டு இருக்கு, ஒண்டு முறுகிப்போச்சு. அண்ணைக்குச் சொல்ல வெக்கம். கையெழுத்தை வையுங்கோவன், நோகுது!"

அப்பா உடனே வைத்தார். பேனையைத் திருப்பித் தரும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

தியேட்டர் வாசலில் நிபுணரை மறித்தார். "டொக்டர், முறுகினதுக்காண்டி நாங்கள் குலையை வெட்டிறேல்லை. நிமித்திவிட்டுப் பாப்பம்."

நிபுணர் ஒரு கணம் முழித்தார். பிறகு சொன்னார், "நானும் அதைத்தான் செய்யப்போறன், ஐயா. கறுத்திருந்தாலும் அவசரப்பட்டு எடுக்கமாட்டன்."

தங்கச்சியை உள்ளே கொண்டுபோன பிறகு அப்பா வாசலை விட்டு அசையவில்லை. வேட்டி நுனியை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார்.

நிபுணர் வெளியே வந்தார். "முறுக்கு எடுத்தாச்சு, கட்டியும் எடுத்தாச்சு. நிறம் திரும்பிட்டுது."

பக்கத்தில் நின்று எல்லாம் கேட்ட அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னவாம், தம்பி?"

"குலை..."

"குலையை ஆர் கேட்டது? என்ரை பிள்ளைக்கு எது தப்பினது?"

"சூலகம், அப்பா!"

நடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் கத்திறாய்?" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்தபடி. "எனக்குக் காது கேக்கும்."