இன்ஜின் நிற்காத சனிக்கிழமை

அப்பாவின் சைக்கிளில் இன்ஜின் மாட்டியது என் மாமா, அம்மாவின் தம்பி. சைக்கிள் பழசு, இன்ஜின் புதுசு. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. ஆனாலும் ஓடியது.

அப்பாவுக்கு பீன்யாவில் பிரஸ் ஷாப்பில் வேலை. நாள் முழுக்க இரும்புத் தகட்டை அடித்துத் துளை போடும் இடம். நாங்கள் இருந்தது ஊரின் மறுகோடியில், லிங்கராஜபுரத்தில். காலை ஷிப்டுக்கு பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதற்காகத்தான் மாமா அந்தச் சின்ன இன்ஜினை எங்கிருந்தோ கொண்டு வந்தார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கொஞ்ச தூரம் பெடல் மிதித்து கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். வண்டி சின்னது. சத்தம் பெரிது.

வீட்டு ஓனர் மாடியில் இருந்தார். நாங்கள் கீழே, ஒரு ரூம், ஒரு சமையலறை. ஓனர் சர்ச்சில் மூப்பர். நல்ல மனுஷர். அவருடைய மருமகன் அப்பாவின் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவுக்கு அந்த வேலை கிடைத்ததே ஓனர் சொல்லித்தான். ஆக வீடும் ஓனர் கையில், வேலையும் ஏறக்குறைய அவர் கையில்.

வண்டி வந்த வாரமே ஓனர் சொல்லிவிட்டார். தெருவில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வீட்டு கேட்டுக்குள் இன்ஜின் ஓடக் கூடாது. ஒரு நாள் அப்பா மறந்து உள்ளேயே ஸ்டார்ட் செய்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஓனர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

அதனால் வண்டியை நிறுத்த அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. தெருமுனை பேக்கரி வந்ததும் ஆக்சிலேட்டரைக் குறைப்பார். கேட்டுக்கு வெளியே கிளட்சை இழுத்துக் கொக்கியில் மாட்டுவார். ஹேண்டில் பாரில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு, அதை அமுக்குவார். இன்ஜின் நிற்கும். பிறகு குனிந்து டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் திருப்பி மூடுவார். மூடாமல் விட்டால் பெட்ரோல் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கிவிடும், அப்புறம் காலையில் கிளம்பாது. எல்லாம் முடிந்த பிறகு சைலன்சர் வாயையே கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம்தான் உள்ளே தள்ளிக்கொண்டு வருவார்.

நின்றுபோன வண்டியில் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் நாலாவது படித்தேன். அந்த வருஷம் அப்பாவைப் பற்றி எனக்கு எதுவுமே சரியாகத் தெரியவில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். முன்னால் போய் நின்றால் சிரிப்பார். என்மேல் கோபமா, இல்லையா? கோபம் என்றால் ஏன் சிரிக்கிறார்? நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்ப்பேன். செய்த தப்புகள் நிறைய இருந்ததால் எது என்று பிடிபடவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் நல்ல மழை. மாடியில் பெண்கள் ஜெபக்கூட்டம். அம்மாவும் மேலே போயிருந்தாள். நான் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா நனைந்துகொண்டே வந்தார். கேரியரில் அரிசி மூட்டை. கேட்டுக்கு வெளியே நின்று கிளட்சை மாட்டினார், பட்டனை அமுக்கினார், அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். டேப்பை மூடவில்லை. சைலன்சரைப் பார்க்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஸ்டாண்ட் போட்டு, மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

மூட்டையை வைத்துவிட்டு மறுபடி வெளியே போகப் போகிறார் போல என்று நினைத்தேன். அவர் வரவில்லை. படிக்கு அடியில் புகை சேர்ந்தது. சேர்ந்த புகை படியேறி மாடிக்குப் போனது. மேலே பாட்டு நின்றது. இருமல் கேட்டது. ஓனர் இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு நாலைந்து பெண்கள்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"பிரதர், வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றார் ஓனர்.

அப்பா துவட்டினார். ஓனர் மறுபடி கூப்பிட்டார். அப்பா ஒரு காதைத் துடைத்தார், அப்புறம் அடுத்த காதை. ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா, நான் இங்க கத்திட்டிருக்கேன், நீ பாட்டுக்கு தல தொவட்டிட்டிருக்க?"

அப்பா துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார்.

அப்பா மரியாதை தெரியாதவர் இல்லை. வழியில் படுத்திருக்கும் நாயைக்கூட 'கொஞ்சம் தள்ளுங்க' என்று சொல்கிறவர். அவர் எப்படி ஓனரை இப்படி நிற்க வைக்கிறார்? வீடு போகப்போகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

எழுந்து வண்டியிடம் ஓடினேன். சிவப்பு பட்டனை அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பட்டனிலிருந்து போகும் ஒயர் தேய்ந்து அறுந்திருந்தது, அதை மாமா பிறகு காட்டினார். யாரோ ஒருத்தர் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். இன்னொருத்தர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிளக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஓனர் அதட்டினார். நான் குந்தி உட்கார்ந்து, அப்பா செய்வதைப் போலவே டேப்பைத் திருப்பினேன்.

அப்படியும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அதே மாதிரி ஓடியது. அப்புறம் திடீரென்று வேகம் எடுத்துக் கத்த ஆரம்பித்தது. வண்டி ஸ்டாண்டோடு ஆடியது. பெட்ரோல் தீரும் நேரத்தில் இந்த வகை இன்ஜின் அப்படித்தான் கத்தும், பயப்படாமல் விட்டுவிட வேண்டும் என்று மாமா சொன்னது அப்புறம்தான். அப்போது நான் டேப்பைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். ஓனர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இன்ஜின் ஒரு தடவை விக்கியது. நின்றது.

அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும். எல்லோரும் வண்டியைப் பார்த்தோம். அப்பா மட்டும் திரும்பவில்லை. தலை சீவிக்கொண்டிருந்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவர் தோளைத் தொட்டாள். அப்போதுதான் திரும்பினார். வாசலில் எங்கள் எல்லோரையும் பார்த்தார். ஆட்களைப் பார்த்தால் அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். சிரித்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர், சிரிக்கிறாரு" என்றார் ஓனர்.

அம்மா வெளியே வந்தாள்.

"காலைல எங்களுக்குள்ள சண்டை அங்கிள். எனக்குத்தான் வாய் நீண்டுடுச்சு. அந்தக் கோவத்துல யார்கிட்டயும் பேசாம இருக்காரு. மன்னிச்சிடுங்க."

காலையில் சண்டையே இல்லை. நாங்கள் எழுவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு மறந்துவிட்டது போல என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

சண்டை என்றதும் ஓனரின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைப்பது சர்ச்சில் அவர் வேலை. ஜெபக்கூட்டத்தை மாடியிலேயே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே தானும் உட்கார்ந்தார். பொறுமை பற்றிப் பேசினார். நாவை அடக்குவது பற்றிப் பேசினார். அது அம்மாவுக்கு.

அம்மா ஓனரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையாட்டும்போது அப்பாவும் ஆட்டினார். அம்மா தலை குனிந்தபோது அவரும் குனிந்தார். கடைசியில் ஓனர் ஜெபம் செய்தார். அம்மா கண்ணை மூடியதும் அப்பா மூடினார். ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பது தப்பு. நான் பார்த்தேன். ஓனர் ஆமென் சொல்லி எழுந்த பிறகும் அப்பா கண்ணை மூடியபடியே இருந்தார். அம்மா அவர் காலைத் தன் காலால் தொட்டாள்.

"எவ்ளோ உருக்கமா ஜெபம் பண்றாரு பாருங்க" என்று ஓனர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பிரஸ் ஷாப் சத்தத்தில் அப்பாவுக்கு அப்போதே காது முக்கால்வாசி போயிருந்தது. கம்பெனியில் தெரிந்தால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓனருக்குத் தெரிந்தால் மருமகனுக்குத் தெரியும். செவிடு என்பதைவிடக் கோபக்காரன் என்ற பேர் பரவாயில்லை என்று அம்மா ஒரு நொடியில் முடிவு செய்திருக்கிறாள். அந்தப் பேர் நிலைத்தும்விட்டது. அதன் பிறகு அப்பா யார் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், இன்னும் கோபம் தீரவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். சைலன்சரில் புகை நின்றதா என்று பார்த்துத்தான் இன்ஜின் நின்றதை அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிய வெகு காலம் ஆனது.

மாமா ஒயரை மாற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை அம்மா எனக்கு ஒரு வேலை சொன்னாள். அப்பா வரும் நேரத்துக்கு நான் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். இன்ஜின் நின்றதும் அப்பாவைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நின்றேன். அப்பா பட்டனை அமுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் வண்டியை உள்ளே தள்ளினார். அடுத்த நாளும் அப்படியே. என்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். டேப்பை மூடி வீட்டைக் காப்பாற்றியவள் நான் அல்லவா, அதனால்தான் இந்தப் பதவி. ஒரு நாள் வேண்டுமென்றே தாமதித்து ஆட்டினேன். அவர் மழையில் நனைந்தபடி, நான் சரி சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.