குனிந்து பார்த்து வாங்கியவர்

1942 ஏப்ரல் ஒன்பதாம் திகதி திருகோணமலையில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்தது. அடுத்த கிழமை, நான் பதிவேடு எழுதிய, துவக்கும் தோட்டாவும் விற்ற கடைக்கு அவர் வந்தார். ஓர்ஸ் ஹில்லில் வசித்த மெலிந்த மனிதர். பென்சன் எடுத்த தந்தி உத்தியோகத்தர். நின்ற இடத்திலும் அவருடைய விரல்கள் மேசையில் தந்தி அடித்துக்கொண்டிருந்தன.

சனம் ஊரைவிட்டு ஓடியதால், வெறும் வீடுகளில் கள்ளர் நுழையத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி மூன்று கைத்துவக்குகளை எடுத்து வைத்தார். வந்தவர் ஒவ்வொன்றையும் வேட்டி இடுப்பில் செருகி, யாரையோ தூக்குவதுபோலக் குனிந்து நிமிர்ந்தார். கடைசியில் ஆகச் சிறியதை எடுத்தார்.

"ஐயா, இதாலை நாயைக்கூட வெருட்ட ஏலாது," என்றார் முதலாளி. "பெரிசை எடுங்கோ. கண்டாலே கள்ளன் ஓடுவான்."

"கள்ளன் கண்டால் காணட்டும். மனுசி காணக்கூடாது."

பாரிசவாதத்தில் படுத்திருந்த மனைவியை நகர்த்த வழியில்லை என்றார்.

"அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் இருக்குதெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இதைக் கண்டால் அவவுக்கு எல்லாம் விளங்கிப்போடும்."

"தூக்கேக்கை அவவின்ரை கையிலை தட்டுப்படாதோ?" என்று கேட்டேன்.

விரல்கள் நின்றன. துவக்கை எடுத்து வலது இடுப்புக்கு மாற்றினார்.

"அவவின்ரை இடக்கைக்கு உணர்ச்சியில்லைத் தம்பி. தூக்கேக்கை அது இந்தப் பக்கந்தான் விழும்."

பதிவேட்டில் திகதியைக் குறித்தேன். மறுநாள் நாங்களும் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனோம். அதையும் அவர் மனைவிக்குச் சொல்லியிருக்கமாட்டார்.